மதுரை மணிவீதியும் சிலம்பின் பரலும்

இத்தாலி நாட்டிலே பிளாரன்ஸ் என்னும் பழம்பெரு நகரம் ஒன்று உளது. அதன் ஊடே ஓடும் ஆர்னோ ஆற்றின்மீது 1345-ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற கற்பாலம் இன்றும் நிலைத்திருக்கின்றது. பாலத்தின் இருமருங்கும் கடைகள் உள்ளன. அக்கடைகளில் ஒரு காலத்தில் இறைச்சி விற்றனர். அந்நாட்டுக் கோமகனாக இருந்த முதலாம் பெர்டினாண்டு அந்த நாற்றம் பொறாதவராய், 1593-இல் ஆணை பிறப்பித்து இறைச்சிக் கடைக்காரரை அகற்றி, அவ்விடத்தில் பொற்கொல்லரை அமர்த்தினார். அன்றுதொட்டு இன்றளவும் அது பொன்வாணிகப் பாலமாகவே விளங்குகின்றது. அங்கிருந்து சிறிது தொலைவில் தோர்னபுவோனி என்னும் வீதி இருக்கின்றது. பழைய செல்வர் மாளிகைகள் வரிசையாக நிற்க, அவற்றின் கீழ்த்தளங்களில் உலகின் விலையுயர்ந்த நகையும் ஆடையும் காலணியும் விற்கும் கடைகள் நிறைந்துள்ளன. பெராகாமோ என்ற காலணிக் கலைஞர் 1938-இல் அவ்வீதியின் பழைய மாளிகை ஒன்றையே விலைக்கு வாங்கித் தம் தொழிலகம் ஆக்கிக்கொண்டார். வாங்க வருவோரினும் பார்க்க வருவோரே அங்கு மிகுதி.

இத்தகைய வீதி தமிழகத்தில் இருந்ததா என்று வினவினால், பிளாரன்ஸ் பாலத்தில் கசாப்புக் கடைகள் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே மதுரையில் இருந்தது என விடை கூறலாம். அந்த வீதியின் முழு வருணனை சிலப்பதிகாரத்தில், மதுரைக் காண்டத்து ஊர்காண் காதையில் இருக்கின்றது. ஆயினும் வகுப்பறையில் நாம் பெரும்பாலும் கடந்து செல்லும் பகுதி அதுவே. கற்களின் பெயர்ப் பட்டியல், கடினமான சொற்கள், கதை நகரவில்லை என்று மாணவர் சலிப்பர். ஆசிரியரும் ‘வளமான வருணனை’ என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டு, வழக்குரை காதைக்கு விரைந்து விடுவதுண்டு. அவ்வாறு தாண்டிச் செல்வோர் வழக்குரை காதையின் திறவுகோலையே பின்னே விட்டுச் செல்கின்றனர் என்பது என் கருத்து. அதனை ஈண்டுச் சற்று விரித்துக் காண்போம்.

கோவலன் கண்ட வீதிகள்

புகாரிலிருந்து புறப்பட்ட கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு மதுரையின் புறஞ்சேரியை அடைகின்றனர். கண்ணகியை அடிகளிடம் இருத்திவிட்டுக் கோவலன் நகருக்குள் செல்ல விடை கேட்கின்றான். எதற்காகச் செல்கின்றான்? நகரத்து வணிகருக்குத் தன் நிலையை உணர்த்தி வருவதாகவே அவன் சொல்கின்றான். இதனை நாம் நினைவில் இருத்த வேண்டும். ஊரைச் சுற்றிப் பார்ப்பது அவன் நோக்கமன்று. தன் குலத்து வணிகரைக் கண்டு உதவி நாடுவதே நோக்கம்.

வாளேந்திய யவனர் காக்கும் மதில்வாயிலை, அவர் ஐயுறாதவாறு கடந்து அவன் உள்ளே புகுகின்றான். கணிகையர் வாழும் வீதிகளைக் காண்கின்றான். பின்னர் அங்காடி வீதி வருகின்றது. வண்டி, தேர்மொட்டு, கவசம், செம்புக் கலம், வெண்கலக் கலம், தந்தத்தில் கடைந்த பொருள், மணப்புகை, சாந்து, பூமாலை முதலியன ஆங்கு விற்கின்றனர். அரசரும் விரும்பும் செல்வம் உடைய வீதி என்று அடிகள் அதனைப் போற்றுகின்றார். அதன் பின்னரே மணிவீதி.

மணிவீதியில் இளங்கோவடிகள் கையாளும் முறையைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். ‘வயிரம் மின்னியது, மரகதம் ஒளிர்ந்தது’ என்று பொதுவாகப் பாடிச் செல்ல அவர் முற்படவில்லை. முதலில் குற்றத்தைச் சொல்கின்றார். அக்குற்றம் நீங்கிய கல் அங்கு இருந்தது என்கின்றார். வயிரத்திற்கு அவர் கூறும் குற்றம் நான்கு: காகபாதம், களங்கம், விந்து, ஏகை. காகபாதம் என்பது காக்கையின் கால் பதிந்தாற்போன்று கல்லினுள் தோன்றும் கீறல். களங்கம் என்பது உள்ளே படிந்த மாசு. விந்து என்பது புள்ளி. ஏகை என்பது ரேகை, அதாவது கோடு. வயிரத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி வழியே நோக்கி, உட்கீறலும் புள்ளியும் மேகம் போன்ற மங்கலும் உளவா என்று தரம் பிரிக்கும் இன்றைய முறையும் இந்நான்கையே தேடுகின்றது. கருவி மாறியிருக்கின்றது, தேடும் பொருள் மாறவில்லை. உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் இவ்விடத்தில் நில்லாமல், வயிரத்தின் குற்றம் பன்னிரண்டு எனத் தொகுத்துரைக்கும் பழைய நூற்பா ஒன்றையும் எடுத்துக் காட்டுகின்றார். இரத்தினப் பரீட்சை என வடமொழியில் வழங்கிய மணிநூல்களிலும் காகபாதமும் விந்துவும் ரேகையும் காணப்படுகின்றன. ஆகவே இச்சொற்கள் ஒரு கவிஞரின் கற்பனையில் எழுந்தவை அல்ல. மணி வணிகர் நாள்தோறும் வாயில் வழங்கிய தொழிற்சொற்கள் ஆம்.

மரகதத்திற்கும் அவ்வாறே ஏகை, மாலை, இருள் என்னும் குற்றங்கள் சொல்லப்படுகின்றன. செம்மணியாகிய மாணிக்கத்தில் பதுமம், நீலம், விந்தம், படிதம் என்று நான்கு சாதி. அடுத்து வரும் மணிகளுக்கு அடிகள் பெயர் கூறவில்லை. நிறத்தைக் காட்டி உணர வைக்கின்றார். ஒன்று பொன்னைத் தெளிய வைத்தாற் போன்றது. ஒன்று வடித்த தேனின் நிறத்தது. ஒன்று இருளையே வடித்துத் தெளிய வைத்தது போல்வது. நீலமணியை ஒளிக்கு நேரே பிடித்துப் பார்த்தவர் இறுதியாகச் சொன்ன உவமையின் அருமையை உணர்வர். கருமையாகத் தோன்றும் கல்லினுள்ளே ஒளி புகுந்ததும் அக்கருமை தெளிந்து நீலமாகின்றது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. மாணிக்கம் முதலிய ஐந்து மணிகளும் ஒரே தோற்றம் உடையன, ஆயின் ஐவகை அழகு பெற்றன என்று அடிகள் கூறுகின்றார். சிவப்பு மாணிக்கமும் நீலமும் மஞ்சள் நிறப் புட்பராகமும் ஒரே கனியப் பொருளின் வேறு வேறு நிறங்கள் என்பதை இன்றைய கனியவியல் மெய்ப்பித்திருக்கின்றது. மூன்றும் அலுமினிய ஆக்சைடே. அதில் கலந்த சிறு அளவு வேற்றுப் பொருள்களே நிறத்தை மாற்றுகின்றன. வைடூரியமும் கோமேதகமும் இவ்வினத்தைச் சார்ந்தவை அல்ல. எனவே ஐந்தில் மூன்று பொருந்துகின்றன. பழந்தமிழர் வேதியியல் கண்டனர் என்று மேடையில் முழங்குவதற்கு இது போதாது, முழங்கவும் வேண்டா. ஈழத்து ஆற்றுப்படுகைச் சரளையில் இக்கற்கள் கலந்தே கிடைக்கின்றன. ஒரே குழியில் எடுத்த கற்களை ஒரே குடும்பம் என்று வணிகர் கருதியிருத்தல் இயல்பு. அந்த அநுபவ அறிவே காப்பியத்தில் பதிவாகியிருக்கின்றது எனக் கொள்ளலாம்.

முத்துக்கு வரும்போது அடிகள் இன்னும் விழிப்பாகின்றார். காற்று, மண், கல், நீர் ஆகியவற்றால் முத்தில் நேரும் குற்றங்களை நீக்கித் தேர்ந்தவை அவை. திங்கள், வியாழன், செவ்வாய் என்னும் கோள்களின் நிறம் வாய்ந்தவை. பவளத்திற்கு உள்துளையும், கல் பொதிந்திருத்தலும், முறுக்கும் குற்றம்.

அடுத்துப் பொன்வீதி. சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் எனப் பொன் நால்வகை. இவற்றுள் மூன்றன் பெயர்களை வடமொழி அர்த்தசாத்திரத்திலும் காண்கின்றோம். கிளிச்சிறை மட்டும் தூய தமிழ்ப் பெயர். கிளியின் சிறகு போன்ற நிறத்தது என்று பொருள். எந்த இடத்தில் எந்தப் பொன் கிடைக்கும் என்னும் மயக்கம் வாங்குவோர்க்கு ஏற்படாதவாறு, கடைகளின்மேல் கொடி ஏற்றியிருந்தனராம். இப்பகுதியை மாணவர்க்கு விளக்க எளிய வழி நம் வீடுகளிலேயே இருக்கின்றது. புக்கிட் செந்தோசாவிலிருந்தோ பத்தாங் காலியிலிருந்தோ ஒரு குடும்பம் திருமணத்திற்கு நகை வாங்கக் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பகுதிக்கோ, கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்கோ போகின்றது. வளையலின் உட்புறத்தில் 916 என்னும் முத்திரை இருக்கின்றதா என்று தாய்மார் முதலில் பார்க்கின்றனர். ஆயிரம் பங்கில் 916 பங்கு பொன் என்பது அதன் பொருள். அந்த முத்திரை செய்யும் வேலையைத்தான் மதுரைப் பொன்வீதியின் கொடியும் செய்தது.

இதன் பின் நூலாலும் மயிராலும் பட்டாலும் நெய்த துணிகள் நூற்றுக்கணக்கில் அடுக்கிய அறுவை வீதியும், துலாக்கோலும் அளவு மரக்காலும் ஏந்தியோர் திரிய, மிளகு மூட்டையோடு கூலம் குவிந்த கூல வீதியும் வருகின்றன. இவற்றையெல்லாம் சுற்றிப் பார்த்த கோவலன், வெயில் புகாத கொடி நிழலில் நடந்து, மகிழ்ந்து, புறஞ்சேரிக்குத் திரும்புகின்றான்.

கற்பனையா, கண்ட காட்சியா?

இவ்வளவும் கவிஞர் மனத்தில் கட்டிய நகரமோ என்று ஐயுறுவோர் உளர். சிலப்பதிகாரத்தின் காலம் பற்றி அறிஞரிடையே ஒருமுடிபு இல்லாமையால் அவ்வையம் எழுவது இயல்பே. ஆனால் காப்பியத்திற்கு வெளியே சான்றுகள் உள்ளன.

மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி பத்துப்பாட்டுள் மிகப் பெரியது. 782 அடிகள் கொண்டது. அதில் பகற்கடையாகிய நாளங்காடியும் இரவுக்கடையாகிய அல்லங்காடியும் வருகின்றன. சங்கு அறுத்து வளையல் கடைவோர், மணியில் துளையிடுவோர், பொன் நகை செய்வோர், பொன்னை உரைத்து மாற்றுக் காண்போர், துணி விற்போர், செம்பை நிறுத்து வாங்குவோர் எனத் தொழிலாளர் வரிசையை அப்பாட்டு அடுக்குகின்றது. நகை செய்வோர் வேறு, பொன் உரைத்துப் பார்ப்போர் வேறு என்று பிரித்துக் கூறியிருப்பதை மறவாதிருப்போம். செய்பவன் கையிலேயே சோதனையையும் ஒப்படைக்கவில்லை அம்மூதூர்.

பாட்டைவிட உறுதியான சான்று கல்லில் இருக்கின்றது. மதுரைக்கு அண்மையில் உள்ள அழகர்மலைக் குகையில், சமணத் துறவியர்க்குக் கற்படுக்கை அமைத்துக் கொடுத்தோர் பெயர்கள் தமிழ்ப் பிராமி எழுத்தில் வெட்டப்பட்டுள்ளன. கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டியவை என அவற்றை எழுத்தறிஞர் கணிப்பர். கொடையாளர் யார்? மதுரையைச் சேர்ந்த பொற்கொல்லன், உப்பு வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன் முதலியோர். காப்பியத்தின் அறுவை வீதிக்குரிய அதே ‘அறுவை’ என்னும் சொல் அக்கல்வெட்டில் நிற்கின்றது. மாங்குளம் குகைக் கல்வெட்டோ வெள்ளறை நிகமத்தார் என்று வணிகர் குழுவையே பெயர் சுட்டுகின்றது. எனவே பொருள்வாரியாகப் பிரிந்து தொழில் நடத்திய வணிகர் மதுரையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழ்ந்தனர் என்பது ஐயத்திற்கு இடமற்றது.

கற்கள் எங்கிருந்து வந்தன? பதிற்றுப்பத்து புகழும் கொடுமணம் இன்று ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல். 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கு நடத்திய அகழாய்வுகளில், மணிகள் செய்த பட்டறைகளின் தடயங்கள் கிடைத்தன. நீலம், பச்சைக்கல், பளிங்கு, சூதுபவளம் எல்லாம் செய்து முடிந்தும் முடியாமலும் சிதறிக் கிடந்தன. அண்மையிலுள்ள படியூர் பச்சைக்கல் சுரங்கத்திற்குப் பெயர்போனது. மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கீழடியில், 2014-இல் மத்தியத் தொல்லியல் துறை தொடங்கிப் பின் தமிழக அரசு தொடர்ந்த அகழாய்விலும் பொன் அணித் துண்டுகளும் சூதுபவள மணிகளும் வெளிப்பட்டன. முத்துக்கோ பாண்டியரின் கொற்கை இருந்தது.

வாங்கியவருள் இத்தாலியரும் உண்டு என்பது இக்கட்டுரையின் தொடக்கத்தோடு இயைந்த செய்தி. பழைய ரோமாபுரியின் புனித வீதி என்னும் சாலையில் முத்து வணிகர் கடை வைத்திருந்தனர். அவர்தம் கல்லறை எழுத்துகள் அவ்வீதியின் பெயரையும் சேர்த்தே குறிக்கின்றன. அதன் அருகிலேயே தொமீசியன் என்ற பேரரசன் மிளகுக்கெனத் தனிப் பண்டகசாலை எழுப்பினான். கி.பி. 79-இல் மறைந்த பிளினி என்னும் அறிஞர், இந்தியப் பொருள்களுக்காக ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்தர்ஸ் காசு நாட்டைவிட்டு வெளியேறுகின்றது என்று மனம் கசந்து எழுதினார். அக்காசுகள் இங்கே வந்தன. 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் ரோமானியப் பொற்காசுகள் நூற்றுக்கணக்கில் ஒரு புதையலாகக் கிடைத்தபோது, பெரும்பாலானவற்றில் அரசன் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டியிருந்தனர். காசாக வழங்காமல் தடுக்கவோ, உள்ளே பொன்தானா என்று அறியவோ அவ்வாறு செய்தனர் எனக் கருத்து வேறுபாடு உண்டு. எப்படியாயினும், பேரரசனின் முத்திரையைக் கண்டு மயங்கிவிடாத வணிகர் கைகள் அவை.

சிலம்பு அந்த வீதிக்கு வரவில்லை

இப்போது காப்பியத்திற்குத் திரும்புவோம். மணிவீதியில் இருந்தோரையும் பொன்வீதியில் இருந்தோரையும் அடிகள் குறிக்கும் தொடர்களில் ‘தெரி’ என்னும் வினை இருமுறையும் அமைந்திருக்கின்றது. வகை தெரிந்தவர், பொன் தெரிந்தவர் என்பது கருத்து. ‘தெரி’ என்பதும் ‘தேர்’ என்பதும் உறவுடைய சொற்கள் என்பது தமிழாசிரியர்க்கு நான் சொல்ல வேண்டுவதன்று. சில காதைகள் கடந்து, பாண்டியன் அவையில் கண்ணகி நின்று அரசனை விளிக்கும்போது, அவள் அவன்மேல் சுமத்தும் குற்றமே ‘தேரவில்லை’ என்பதுதான். ஆராயாதவன் என்னும் பழியைத்தான் அவள் முதலில் வீசுகின்றாள். அச்சொல்லின் கூர்மை, ஆராய்வோர் நிறைந்த வீதியை முன்னரே கண்டு வந்த நமக்கு இரு மடங்காகத் தைக்கின்றது அன்றோ? காகபாதம் ஒன்று இருந்தால் கண்டுபிடிக்கும் கண்கள் அவ்வூரில் இருந்தன. அரண்மனையிலிருந்து சிறிது தூரத்திலேயே இருந்தன.

கோவலன் ஏன் அங்குச் செல்லவில்லை? வணிகரைக் காணப் புறப்பட்டவன், அவ்வீதிகளில் எவரோடும் பேசியதாகக் காப்பியம் கூறவில்லை. கண்டான், மகிழ்ந்தான், திரும்பினான். மாசாத்துவான் மகன் முதலிழந்து, நாணத்தோடு அந்நியக் கடைவாயிலில் நின்று ‘இது என் மனைவியின் சிலம்பு, விலை என்ன?’ என்று கேட்க மனம் கூசியிருத்தல் வேண்டும் என்பது என் ஊகம். ஒற்றைச் சிலம்பைக் கொண்டு வருவோனிடம் ‘இணை எங்கே?’ என்று எந்த வணிகரும் கேட்டிருப்பர். அந்தக் கேள்வியே அவனைக் காத்திருக்கும்.

மறுநாள் மாதரி வீட்டிலிருந்து சிலம்போடு புறப்பட்ட அவன், வழியில் பொற்கொல்லர் நூற்றுவர் பின்தொடர, அரசவைச் சட்டை அணிந்து, கையில் தொழிற்கோலோடு வரும் அரண்மனைக் கொல்லனைக் காண்கின்றான். தேவியார்க்கு ஏற்ற காலணியொன்றை மதிப்பிட வல்லையோ என்று அவனையே வினவுகின்றான். அந்தக் கொல்லனோ அரசமாதேவியின் சிலம்பைத் தானே திருடியவன். மதுரைக்காஞ்சி பிரித்துக் காட்டிய இருவருள், செய்வோனிடம் சென்றானேயன்றிச் சோதிப்போனிடம் கோவலன் செல்லவில்லை. பட்டமும் பரிவாரமும் அவன் கண்ணை மறைத்தன. புதுக்கோட்டையில் கிடைத்த காசின் முகத்தை வெட்டிப் பார்த்த வணிகரை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இதற்குப் பின் எந்த இடத்திலும் சோதனை என்பது நிகழவேயில்லை. ஊடல் கொண்ட தேவியை நாடிச் செல்லும் வழியில் அரசன் செய்தியைக் கேட்கின்றான்; அங்கேயே ஆணை பிறக்கின்றது. காவலர் மட்டும் கோவலன் முகத்தைக் கண்டு, இவன் கள்வன் அல்லன் என்று தயங்குகின்றனர். அவர்க்குக் கொல்லன் திருட்டு நூல் ஒன்றையே விரித்துரைக்கின்றான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனக் கள்வர்க்குத் துணை எட்டாம். மணிவீதியில் குற்றங்களை எண்ணிச் சொன்ன அதே முறையில் இங்கும் எண்ணிக்கை வருகின்றது. ஆங்கே அப்பட்டியல் உண்மையைக் காண உதவியது. ஈங்கு உண்மையை மூடப் பயன்படுகின்றது. பட்டியல் முடிந்ததும் கல்லாத ஒருவன் வாளை வீசுகின்றான்.

சிலம்பின் உள்ளே இருந்த பரலைப் பற்றியும் ஒரு சொல். பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மணி. மணி என்பதை மாணிக்கம் எனக் கொள்வர். கொற்கைத் துறையுடைய பாண்டியன் மனை முத்துப்பரல் இட்டதும், புகார் வணிகன் மகள் மாணிக்கப்பரல் இட்டதும் இயல்பே. சிலம்பை உடைக்காமல் இவ்வேறுபாட்டைக் காண முடியாதா என்று மாணவர் சிலர் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. மாணிக்கக் கல் நீரைவிட நான்கு மடங்கு எடையுள்ளது. முத்து ஏறத்தாழ 2.7 மடங்கே. ஆகவே ஒரே அளவு பரலை எடுத்துக்கொண்டால் மாணிக்கம் முத்தினும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனக்கும். வேலைப்பாடு ஒன்றாயிருந்தாலும், இரு சிலம்பையும் தராசில் இட்டு நிறுத்தால் வேறுபாடு வெளிப்பட வாய்ப்புண்டு. குலுக்கினால் எழும் ஓசையும் ஒன்றாக இராது. கூல வீதியில் மிளகை நிறுக்கவும் துலாக்கோல் இருந்த ஊரில், ஓர் உயிரை நிறுக்க ஒருவரும் கோலெடுக்கவில்லை. கண்ணகி உடைத்தபோது மணி தெறித்து அரசன் முகத்தெதிரே விழுந்தது. அதன் பின்னரே அவன் ஆராய்ந்தான்.

மதுரையின் பிற்கால மரபிலும் மணி வணிகர் மதிப்பு குறையவில்லை. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் மாணிக்கம் விற்ற படலம் என ஒரு பகுதி உண்டு. பாண்டியன் இறந்து, மணிமுடியும் களவு போய், இளவரசனுக்கு முடிசூட்ட வழியின்றி அமைச்சர் திகைத்து நின்றபோது, சோமசுந்தரப் பெருமானே மணி வணிகராக வந்து ஒன்பான் மணிகளின் இயல்பையும் எடுத்துரைத்து வழங்கினார் என்பது கதை. மதுரைக்காரர் தம் இறைவனுக்கு எத்தனையோ வேடம் கொடுத்தனர்; அவற்றுள் இரத்தின வணிகர் வேடமும் ஒன்று. இன்று மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள வீதி அமைப்பு நாயக்கர் காலத்தை ஒட்டியது. கோவலன் நடந்த தெரு இதுதான் என்று எதையும் சுட்டிவிட இயலாது. ஆயினும் தெற்கு ஆவணி மூல வீதியில் நகைக்கடைகள் வரிசையாக நிற்பதைக் காணும் தமிழாசிரியர் எவர்க்கும் ஊர்காண் காதை நினைவுக்கு வராமல் போகாது.

அடிகள் மணிவீதியை முடிக்கும்போது, பகைவரால் அழிவுற்றதை அறியாத வீதி என்று கூறுகின்றார். பகைவர் எவரும் வரவில்லை. இரண்டொரு நாளில் எரி வந்தது. அழற்படு காதையில் தீ பரவும்போது கூல வீதியும் தேர் வீதியும் கலங்கின என்று கூறுபவர், நால்வகைத் தெருவை ஊர்காண் காதையில் எந்தத் தொடரால் குறித்தாரோ அதே தொடரால் மீண்டும் குறிக்கின்றார். இரு பகுதியையும் அருகருகே வைத்து மாணவரைப் படிக்கச் செய்தால், அவர்களே இதைக் கண்டு சொல்வர். நாம் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு செய்தி வஞ்சிக் காண்டத்து நீர்ப்படைக் காதையில் இருக்கின்றது. நெடுஞ்செழியனுக்குப் பின் கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், பத்தினித் தெய்வத்தின் சினம் தணியப் பொற்கொல்லர் ஆயிரவரை ஒரே பகலில் பலியிட்டான். ஒருவன் செய்த களவுக்கு ஆயிரவர் உயிர். அவர்களுள் பொன்வீதியில் கொடியேற்றி நேர்மையாக விற்றவருக்கு நகை செய்து கொடுத்தோர் எத்தனை பேர், அரண்மனைக் கொல்லனின் முகத்தையே காணாதவர் எத்தனை பேர் என்று வெற்றிவேற் செழியனும் கேட்கவில்லை.